என்எம்எம்எஸ்: வென்ற பிறகுதான் வேலை அதிகம்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் உதவித்தொகைத் தேர்வான என்எம்எம்எஸ் முடிவு வந்ததும் பல அரசுப் பள்ளிகளின் வாசலில் வாழ்த்து ஃபிளக்ஸ் கட்டுகிறார்கள். தேர்வான பிள்ளைகளின் படம் இருக்கும், கீழே ஆசிரியர்களின் பெயர் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய கௌரவம், கட்டாயம் செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்த ஃபிளக்ஸில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருடைய வங்கிக் கணக்கில் பணம் ஏறியது என்று அடுத்த ஆண்டு யாராவது கேட்கிறார்களா? தேர்வில் தோற்றுப் பணத்தை இழப்பது ஒரு வகை. வென்ற பிறகு, ஒன்பதாம் வகுப்பில் ஒரு விண்ணப்பம் போடாததால் இழப்பது இன்னொரு வகை. இரண்டாவதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முழுப் பெயர் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம். மத்திய அரசு 2008ல் தொடங்கியது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்கள், அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 பேர். எட்டாம் வகுப்பில் தேர்வு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகள் பணம். மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஆண்டுக்கு 12,000, மொத்தம் 48,000. 2017க்கு முன் இது மாதம் 500ஆக இருந்தது.

யார் எழுதலாம்? அரசுப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி இவற்றில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள். கேந்திரிய வித்யாலயா, சைனிக் பள்ளி, தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50 போதும். பெற்றோரின் ஆண்டு வருமானம் எல்லா வழியிலும் சேர்த்து மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு முன்பு ஒன்றரை லட்சமாக இருந்தது. அந்தப் பழைய எண்ணையே மனதில் வைத்துக்கொண்டு ‘நமக்குக் கிடைக்காது’ என்று ஒதுங்கும் பெற்றோர் இன்றும் உண்டு. ஆட்டோ ஓட்டுபவர், சின்ன மளிகைக்கடை வைத்திருப்பவர், தனியார் கம்பெனியில் மாதம் 25,000 வாங்குபவர் எல்லோருமே இப்போது இதற்குள் வருவார்கள்.

தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம், அதையொட்டித் தேர்வு. கட்டணம் 50 ரூபாய். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து பள்ளியில் கொடுத்தால் தலைமையாசிரியர் இணையத்தில் ஏற்றுவார்.

தேர்வு இரண்டு பகுதி. மனத்திறன் தேர்வு 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வு 90 கேள்வி; ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தேர்ச்சிக்கு இரண்டும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180க்கு 72. எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 32 சதவீதம். ஆனால் 72 எடுத்துவிட்டால் பணம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அது தகுதிக் கோடு மட்டும். இடம் 6,695தான் என்பதால், இட ஒதுக்கீட்டின்படி தயாராகும் தரவரிசையில் மேலே இருந்தாக வேண்டும்.

படிப்பறிவுத் தேர்வில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. ஏழு, எட்டாம் வகுப்புப் பாடம்தான். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசத்தைத் தருகிறது. ஏழாம் வகுப்புப் புத்தகம் மூன்று பருவமாக வருகிறது. ஆண்டு முடிந்ததும் அது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் போகும். எட்டாம் வகுப்பு நவம்பரில் தேடினால் ஒரு பருவம் கிடைக்கும், இரண்டு பருவம் கிடைக்காது. மூன்றையும் எடுத்து வையுங்கள். கேள்விகள் பாடத்தின் நடுவில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் சின்னத் தகவல்களிலிருந்தும், படத்தின் கீழே இருக்கும் வரியிலிருந்தும் வரும். வழிகாட்டி நூலின் வினா விடையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

மனத்திறன் பகுதிக்குப் பாடப்புத்தகம் இல்லை. அதனால் பல பள்ளிகளில் அதைக் கடைசி இரண்டு மாதத்தில் மாதிரித் தாள் கொடுத்து ஓட்டுகிறார்கள். என் கணிப்பில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. எண் தொடர், எழுத்துக் குறியீடு, திசை, இரத்த உறவு, கடிகாரம், நாள்காட்டி, பகடை, கண்ணாடி பிம்பம், மறைந்திருக்கும் உருவம் என்று வகைகள் ஒரு பதினைந்துக்குள் அடங்கிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒரு வகை என்று தொட்டாலே பழகிவிடும். கையால் செய்து பார்க்க நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

பகடைக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சதுரங்கள் சிலுவை வடிவில் விரித்துப் போட்டிருக்கும். மடித்தால் 3க்கு எதிரே எது வரும் என்று கேட்பார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே யோசிக்கச் சொன்னால் பாதி வகுப்பு முழிக்கும். சாக்பீஸ் பெட்டி அட்டையை வெட்டி, எண் எழுதி, மடித்துப் பார்க்க வையுங்கள். ஒரே நேர்வரிசையில் ஒன்று விட்டு ஒன்று இருக்கும் சதுரங்கள் எதிரெதிராகப் போகும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். தானே கண்டுபிடித்ததை அது மறக்காது. வண்ணம் பூசிய கனசதுரக் கேள்வியும் இப்படித்தான். ஒரு விளிம்புக்கு நான்கு துண்டு வீதம் 64ஆக வெட்டினால், மூன்று பக்கம் வண்ணம் உள்ளவை 8, இரண்டு பக்கம் 24, ஒரு பக்கம் 24, வண்ணமே படாதவை 8. கூட்டினால் 64 வருகிறதா என்று சரிபார்க்கும் பழக்கத்தைச் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

கண்ணாடி பிம்பத்தையும் நீர் பிம்பத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. கண்ணாடியில் இடமும் வலமும் மாறும். தண்ணீரில் மேலும் கீழும் மாறும். கையகலக் கண்ணாடி ஒன்று வகுப்பில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடிகாரத்தைக் கண்ணாடியில் பார்க்கும் கேள்விக்கு 11 மணி 60 நிமிடத்திலிருந்து கழித்தால் போதும்: 3.40 என்றால் விடை 8.20.

நாள்காட்டியில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் லீப் ஆண்டு. 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 2028 ஆகஸ்ட் 15 என்ன கிழமை? ஆண்டுக்கு ஒரு நாள் நகரும் என்று மட்டும் தெரிந்த பிள்ளை மூன்று நாள் கூட்டித் திங்கள் என்று எழுதும். 2028 லீப் ஆண்டு. அதன் பிப்ரவரி 29 இந்த இடைவெளிக்குள் வருகிறது. ஆகவே நான்கு நாள், விடை செவ்வாய். அதே கேள்வியை ஜனவரி 26க்கு மாற்றிக் கேட்டால், 2028 பிப்ரவரி 29 இன்னும் வந்திருக்காது, மூன்று நாள்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் புரியும்.

விடைக்கான வட்டத்தை நிரப்பும் ஓஎம்ஆர் தாள் பற்றி இரண்டு வார்த்தை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கும் முக்கியமான தேர்வில் வட்டம் நிரப்புவது இதுதான் முதல் முறை. 37ஆம் கேள்வி தெரியவில்லை என்று விட்டுவிட்டு, 38க்கான விடையை 37ஆம் வட்டத்தில் நிரப்பி, அதிலிருந்து கடைசிவரை எல்லாம் ஒரு வரிசை மாறிப்போகும். பேனாவில் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. கேள்வித்தாளின் ஒரு பக்கத்தை முடித்ததும் அந்தப் பக்கத்தின் கடைசி எண்ணும் தாளில் நிரப்பிய கடைசி எண்ணும் ஒன்றா என்று பார்க்கப் பழக்குங்கள். கழித்தல் மதிப்பெண் இல்லாததால் கடைசி ஐந்து நிமிடத்தில் விட்டுப்போன வட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாதிரித் தேர்வையும் வெள்ளைத் தாளில் வைக்காமல், நகலெடுத்த ஓஎம்ஆர் தாளில், 90 நிமிடம் கடிகாரம் பார்த்து வையுங்கள்.

இனி முக்கியமான பகுதி.

தேர்வு எழுதும்போது பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கிறது. பணம் கேட்டு விண்ணப்பிப்பது ஒன்பதாம் வகுப்பில். நடுநிலைப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் நடுவே பள்ளியே மாறிவிடுகிறது. பழைய பள்ளி ‘நம் பிள்ளை வென்றுவிட்டது’ என்ற நிறைவோடு டிசி கொடுத்து அனுப்பிவிடும். புதிய உயர்நிலைப் பள்ளிக்கு இந்தப் பிள்ளை வென்றது தெரியவே தெரியாது. பெற்றோர், பணம் தானாக வரும் என்று காத்திருப்பார்கள். தானாக வராது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதிய விண்ணப்பம் போட வேண்டும். தளம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் திறக்கும், சில மாதங்களில் மூடிவிடும். கடைசித் தேதியை நீட்டிப்பார்கள் என்று நம்பி இருக்கக் கூடாது.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசி கொடுக்கும்போது ஒரு தாளில் தேர்வுப் பதிவெண், மதிப்பெண், முடிவுப் பட்டியலில் பெயர் உள்ள பக்கத்தின் நகல், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேட்டு எண்) இவற்றை எழுதி, ‘இவர் என்எம்எம்எஸ் தேர்வானவர், ஜூனில் விண்ணப்பிக்க வேண்டும்’ என்று புதிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். பத்து நிமிட வேலை.

இணையதளத்தில் முதல் படி ஓடிஆர் என்ற ஒருமுறைப் பதிவு. ஆதார் எண், ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி, பிறகு கைபேசிச் செயலியில் முகம் காட்டிச் சரிபார்ப்பது. முடிந்தால் 14 இலக்க எண் ஒன்று வரும். அது படிப்புக் காலம் முழுவதுக்கும் ஒரே எண். நோட்டில் எழுதி வையுங்கள், கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் கைபேசியோடு போய்விடும்.

இந்தப் படியிலேயே பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. ஆதாரில் கொடுத்த சிம் எப்போதோ ரீசார்ஜ் இல்லாமல் போயிருக்கும். ஓடிபி யாருக்கோ போகும். எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டும். அடுத்தது பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஆதாரில் ‘கவின் குமார் முருகன்’ என்று விரித்திருக்கும், எமிஸில் ‘மு.கவின்குமார்’ என்று சேர்ந்திருக்கும், வங்கியில் ஆங்கில எழுத்து ஒன்று கூடக்குறைய இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பையன். கணினிக்கு மூன்று பேர். தேர்வு விண்ணப்பம் எமிஸில் உள்ள பெயரோடு போகிறது என்பதால், எட்டாம் வகுப்பு செப்டம்பரிலேயே எமிஸ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் ஒத்துப்போகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வென்ற பிறகு திருத்துவது நான்கு மடங்கு கஷ்டம்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். ‘ஆதார் கொடுத்துவிட்டோமே’ என்பது போதாது. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது ஒன்று. அரசுப் பணம் வருவதற்காக, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் அந்த வங்கியைச் சேர்ப்பது வேறு. இதைத்தான் வங்கியில் சீடிங் என்கிறார்கள். அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் அந்தப் பட்டியலில் நிற்கும், கடைசியாகச் சேர்த்தது எதுவோ அது. வேறொரு உதவித்தொகைக்காக அஞ்சல் வங்கியில் புதுக் கணக்கு தொடங்கியிருந்தால், என்எம்எம்எஸ் பணம் சத்தமில்லாமல் அங்கே போய் விழுந்திருக்கும். ‘வரவில்லை’ என்று அலையும் முன் ஆதார் இணையதளத்தில் வங்கி சீடிங் நிலை என்ற பகுதியைப் பாருங்கள். எந்த வங்கி, இயக்கத்தில் இருக்கிறதா என்று காட்டிவிடும். நீண்ட நாள் வரவுசெலவே இல்லாத கணக்கு முடங்கியிருக்கலாம். வருடத்தில் இரண்டு முறையாவது நூறு ரூபாய் போட்டு எடுங்கள்.

வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று போய் வர நாளாகும். ஜூன் மாதம் எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்பதால் இன்னும் தாமதமாகும். மே மாதமே போட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததோடும் முடியவில்லை. பள்ளி அளவில் ஒரு சரிபார்ப்பு, மாவட்ட அளவில் ஒரு சரிபார்ப்பு. பள்ளியில் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியரின் பெயரில் உள்நுழைவு இருக்கும். அவர் மாறுதலாகியோ ஓய்வு பெற்றோ போயிருந்தால், புதியவர் பெயரில் மாற்றும்வரை அந்தப் பள்ளியின் எந்த விண்ணப்பமும் நகராது. குறை இருந்தால் விண்ணப்பம் மாணவரின் கணக்குக்கே திரும்பி வந்து நிற்கும். யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். வாரம் ஒரு முறை உள்ளே போய் நிலையைப் பார்ப்பதுதான் வழி.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு என ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு ஆண்டு என்பதால் அதிகம் மறந்துபோவது அந்த ஆண்டுதான். இன்னொன்று: 15 வயதில் ஆதாரின் கைரேகை, கருவிழி, புகைப்படத்தைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும், 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. சின்ன வயதுப் புகைப்படத்தோடு இருக்கும் ஆதாரில் முகச் சரிபார்ப்பு தோற்றுப்போக வாய்ப்பு அதிகம். பதினொன்றில் தொடர, பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும், 500க்கு 300. எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 275. ஒன்பதிலிருந்து பத்துக்கும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று தெரிந்ததும் தனியார் பள்ளிகள் கட்டணச் சலுகையோடு வீட்டுக்கே வருவதுண்டு. ஒன்பதிலோ பதினொன்றிலோ அங்கே சேர்ந்தால் உதவித்தொகை நின்றுவிடும். பத்து முடித்து பாலிடெக்னிக், ஐடிஐ போனாலும் அப்படியே. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து முடித்துப் போனால் இரண்டு ஆண்டுக்கான 24,000 ரூபாயை, ஒன்பதிலேயே போனால் முழு 48,000 ரூபாயை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

என்எம்எம்எஸ் கிடைக்காத பிள்ளைக்கு வேறு வாசல்களும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நகராட்சி, மாநகராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்குக் கிடையாது, மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336. அதாவது மூன்று நாள் கூலி. கிராமத்துப் பிள்ளையின் திறமைக்கு ஒரு முழு ஆண்டுக்கு இதுதான் மதிப்பா என்று வருத்தமாக இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 2022ல் தொடங்கியது, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து 100 கேள்வி, 1,500 பேருக்கு மாதம் 1,500 வீதம் இரண்டு ஆண்டு. பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. 2023ல் வந்த முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி மாணவர் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயைப் பட்டப்படிப்பு முடியும்வரை தருகிறது; பள்ளியோடு நின்றுவிடாததால் இதை நான் மிக நல்ல திட்டம் என்பேன். பத்தாம் வகுப்புக்கு இருந்த தேசியத் திறனறித் தேர்வு 2021க்குப் பிறகு நடக்கவில்லை. அதற்கென்று பயிற்சி தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

என்எம்எம்எஸ் தொகை 2017லிருந்து அதே 1,000தான். 1 லட்சம் இடம் என்பது 2008ல் வைத்தது. இரண்டையும் உயர்த்தச் சொல்லி ஆசிரியர் அமைப்புகளும் பெற்றோரும் கேட்க வேண்டும். அதுவரை, இந்த ஆண்டு தேர்வான பிள்ளை ஒன்று உங்கள் தெருவில் இருந்தால், ஜூன் மாதம் அந்த வீட்டுக்குப் போய் ‘ஓடிஆர் எண் வாங்கியாச்சா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே புதிய பள்ளிக்குப் போகச் சொல்லுங்கள்.